திசையறிந்து ஓடியவர்கள்

கையில் ஒரு நிலப்படத்தையும் திசைகாட்டியையும் கொடுத்து, முன்பின் அறியாத காட்டில் விட்டு, குறித்த இடங்களையெல்லாம் முறைப்படி தொட்டு முதலில் மீள்பவர் யார் என்று பார்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. மேல்நாட்டார் அதனை ‘ஓரியன்டீரிங்’ என்பர். நாம் ‘வழியறி ஓட்டம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். இதில் கால் வலிமை மட்டும் போதாது. தவறான திசையில் விரைபவன் அத்துணை விரைவாக இலக்கைவிட்டு விலகுகிறான்!

வடபுல நாடுகளின் படைவீரர்களுக்குப் பயிற்சியாகத் தொடங்கிய இவ்வோட்டம், 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில் பொதுமக்களுக்குரிய போட்டியாயிற்று. சுவீடனில் கில்லாண்டர் என்னும் படை அதிகாரி 1919-இல் ஸ்டாக்ஹோம் அருகே பெரும் போட்டி ஒன்றை நடத்தி இதனை இளைஞர்களிடம் பரப்பினார். 1961-இல் பத்து நாடுகள் கூடி உலகச் சம்மேளனம் அமைத்தன. 1989-இல் நியூசிலாந்தில் நடந்த பன்னாள் சாகச ஓட்டம் இதன் பிள்ளை எனலாம். விளையாட்டு நூல்கள் சொல்லும் வரலாறு இவ்வளவே. சாரணர் பிள்ளைகளுக்குப் படம் பார்க்கக் கற்பித்த நாள் முதல் எனக்கு இவ்வரலாற்றில் ஒரு குறை உண்டு. படமும் கருவியும் ஏந்தி மலையேறிய நம்மவர் அதில் இல்லை.

1802-ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் என்பார் நூறடி எஃகுச் சங்கிலி கொண்டு ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியப் பெருநில அளவையின் தோற்றுவாய் அதுவே. அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானி கடலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது. அறிவியற் கருவி என்று அறிந்ததும் அவர்கள் அதனை மரியாதையாக அனுப்பிவைத்தனர். பகைவர்க்குள்ளும் அக்காலத்தில் இத்தகைய பண்பு இருந்தது!

நெய்வேலியில் வாழும் எனக்கு இதில் தனிப்பட்ட மகிழ்ச்சி ஒன்று உண்டு. லாம்டன் முதன்முதலாக அளந்த வடதென் கோடு, சென்னைக்கு வடக்கேயிருந்து ஒன்றரைப் பாகைக்குச் சற்று மேலாக ஓடி, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முடிகிறது. பெருமாள் கோயிலுக்கு நாம் போகிற அதே திருவந்திபுரம்தான்.

தூரத்து உச்சி ஒன்றைக் கண்ணாடி வழியே குறிவைக்க வேண்டுமானால், அங்கே யாராவது முன்னதாகச் சென்று கொடி நடவேண்டும் அல்லவா? இரவானால் விளக்கேற்ற வேண்டும். அவ்வேலை நம் நாட்டு ஏவலாளர்களுடையது. பாதையில்லாக் குன்றில் புதர் வெட்டி ஏறி, குறித்த இடம் இதுதான் என்று தெளிந்து கொடி நாட்டி, அடுத்த குன்றுக்கு விரைந்தனர். காட்டுக் காய்ச்சலில் பலர் மாண்டனர். லாம்டன் பெயரும், அவருக்குப் பின்வந்த எவரெஸ்டின் பெயரும் நூலில் உள்ளன. ஒருவருடைய பெயர் உலகின் உச்சியிலேயே ஏறிவிட்டது. கொடி சுமந்தவன் பெயரைப் பள்ளிப் பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை.

மலையில்லாச் சமவெளியில் என்ன செய்வது? காவிரிப் படுகையில் லாம்டன் கோயிற் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. அவர் தம் கையாலேயே அதனைச் சில வாரங்களில் சீராக்கினார். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் அனைவரும் அறியவேண்டிய செய்தி இது.

தெற்கே திருவிதாங்கூரில் அஞ்சல் ஓட்டக்காரர் இருந்தனர். மணி கட்டிய கோலை ஏந்தி, கடிதப் பையுடன் அவர்கள் ஓடிவரும் ஓசை கேட்டால் வழியில் உள்ளோர் விலகி நிற்பர். குமரி மாவட்டத்து முதியோர் இதனைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1951-இல் அந்த அஞ்சல் துறை இந்திய அஞ்சலோடு இணைந்தது. அவர்கள் ஓடியது பரிசுக்காக அன்று, கூலிக்காக. எனினும் ஓட்டம் ஓட்டந்தானே!

ஒருவர் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்தது. ஹர்கபீர் தாப்பா என்னும் கூர்க்கா வீரர் 1899-இல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், இரண்டாயிரத்தைந்நூறு அடிக்கு மேற்பட்ட கிளாமைக் குன்றின்மீது வெறுங்காலுடன் ஏறி இறங்கினார். அடிவாரத்து விடுதியிலிருந்து புறப்பட்டு மீள அவருக்கு ஆனது 55 நிமிடம். அவர் நினைவைப் போற்றி அங்கே இன்றும் மலையோட்டம் நடக்கிறது. தம் நாட்டவர் அல்லாத ஒருவரை அவ்வூரார் மறக்கவில்லை.

இனி, நெய்வேலிக்கு வருவோம். எங்கள் நகரியத்தில் வழி தவறுவது கடினம். வட்டங்களுக்கு எண்ணிட்டு நேர்கோட்டில் தெருக்கள் வகுத்திருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளுக்கு வழியறியும் பாடத்தை நகரியத்திற்கு வெளியே, முந்திரித் தோப்புகளிலும் செம்மண் வண்டிப்பாதைகளிலும் நடத்தினேன். எங்கள் நிலத்தில் இயற்கைக் குன்று இல்லை. இருக்கும் மேடுகள், நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணை வெட்டிக் குவித்த குவியல்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பிற ஊர்களில் நிலப்படம் ஒரு தலைமுறைக்காவது பயன்படும். இங்கே 1957-இல் சுரங்க வேலை தொடங்கியது முதல் நிலமே இடம்பெயர்கிறது. படத்தில் ஏரி என்றிருக்கும் இடத்தில் பள்ளமும், ஊர் என்றிருக்கும் இடத்தில் மண்மேடும் நிற்கும். அந்த ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தனர். பழைய நில அளவைப் படத்தை விரித்தபோது ஒரு மாணவன் ஒரு பெயரின்மீது விரலை வைத்து, “ஐயா, இது எங்க தாத்தா ஊர்” என்றான். மற்றவர் திசைகாட்டியை வைத்து அவ்விடத்தைக் குறித்தனர். வேலிக்கு அப்பால், சுரங்கத்தின் நடுவே விழுந்தது அந்தப் புள்ளி. மறுவாரம் அவன் தன் தாத்தாவையே வகுப்புக்கு அழைத்துவந்தான். கோயில், களத்துமேடு, மதகு, ஆலமரம் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்ல, பிள்ளைகள் அந்தப் படத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள்.