ஆயிரத்தில் ஒருவன்: மீதிப்பேரின் கதை

அஞ்செட்டியில் எனக்கு 'ஆயிரத்தில் ஒருவன்' கதையைச் சொன்னவர் ஒரு பெரியவர். சின்ன வயதிலேயே அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கர்நாடகத்துப் பக்கம் கல் உடைக்கப் போனவர். படத்தை டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "வைத்தியரையே வித்துட்றாங்க சார்" என்று ஆரம்பித்தார். அடிமைகள் கப்பலைப் பிடித்துத் தப்புகிற இடத்தோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் என்று கேட்டேன். "அப்புறம் என்ன, எம்ஜிஆர் படம். கல்யாணந்தான்."

இந்த நிறுத்தம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பி.ஆர். பந்துலுவின் இந்தப் படம் வெளிவந்தது 1965 ஜூலையில். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்தாறு மாதம்கூட ஆகவில்லை. நம்பியாரின் சர்வாதிகாரியை அன்றைய பார்வையாளர் யாராகப் பார்த்திருப்பார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. எம்ஜிஆரும் ஜெயலலிதாவும் ஜோடி சேர்ந்த முதல் படம், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பிரியுமுன் இசையமைத்த படம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 2014இல் டிஜிட்டலாக்கி மறுபடி வெளியிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. ஐம்பது வருஷத்துப் படம் இப்படி ஓடுவதை ரசிக விசுவாசம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

கதையின் மூலம் 1935இல் வந்த 'கேப்டன் பிளட்' என்ற ஹாலிவுட் படம். அதற்கும் மூலம் சபாட்டினியின் 1922ஆம் ஆண்டு நாவல். 1685இல் இங்கிலாந்தில் தோற்ற கலகக்காரர்களை நூற்றுக்கணக்கில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றி அனுப்பிய வரலாறு அதன் அடியில் இருக்கிறது. வெள்ளை டாக்டரின் அடிமைத்தனம் அங்கே ஒரு விபரீத விதிவிலக்கு. தமிழுக்கு வரும்போது அது விதிவிலக்காக இல்லாமல் போகிறது. இலங்கைக்கும் மொரீஷியசுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே கொட்டகையில் உட்கார்ந்திருந்தது! (தினத்தந்தியில் 1960 முதல் 'கன்னித்தீவு' படக்கதை வந்துகொண்டிருந்ததால் படத்திலுள்ள தீவின் பெயரும் பழகிய பெயர்தான்.)

எம்ஜிஆர் படங்கள் ஒடுக்குமுறையைக் காட்டுகின்றன, ஆனால் அதன் தீர்வை இருக்கிற அமைப்புக்குள்ளேயே நாயகனின் கையில் ஒப்படைத்துவிடுகின்றன என்ற வாதத்தை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வந்த தம் ஆங்கில நூலில் வலுவாக முன்வைத்தார். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பிரதி முடிகிற இடத்தில்தான் பார்வையாளரும் முடிப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கொள்ளையரை விரட்டினால் விடுதலை என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தீவின் தலைவன் மாறிவிடும் காட்சியைப் பெரியவர் மூன்று முறை சொன்னார். கணக்குத் தீராத அட்வான்ஸ் அவருக்கு அங்கே தெரிந்திருக்கிறது. சட்டப்படி அடிமைமுறை 1843இலேயே செல்லாது, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. இவர் கல் உடைக்கப் போனது அதற்கும் பிறகு. இந்த வேலைக்குக் கன்னடத்தில் 'ஜீத' என்று பெயர் இருப்பதை அவர்தான் எனக்குச் சொன்னார்.

இன்னொன்று. படம் எடுத்த பந்துலு கோலார் சீமைக்காரர். கன்னடத்தில் 'கித்தூர் சென்னம்மா' (1961), தமிழில் 'கப்பலோட்டிய தமிழன்' (1961) என்று ஒரே ஆண்டில் இரண்டு கலகங்களை இரண்டு மொழியில் எடுத்தவர். வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை, வேலைக்களத்தில் இன்னொன்று என்று வாழும் அஞ்செட்டி மாதிரி ஊரில் இந்தப் படத்தைத் தனித் தமிழ்ப் பெருமிதமாக யாரும் பார்க்கவில்லை. கப்பலில் எல்லாரும் சேர்ந்து பாடும் கண்ணதாசனின் விடுதலைப் பாட்டைத் தெலுங்கு பேசும் வீட்டுப் பையன்களும் முணுமுணுத்ததாகப் பெரியவர் சொன்னார்.

மீதிப்பேரின் கதையாக இதை வாசிக்கலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, களி கிண்டிக்கொண்டிருந்த அவர் சம்சாரம் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "பின்னால அந்தப் பொண்ணையுந்தானே ஏலம் போட்றாங்க? அதச் சொல்லவேயில்லியே." கொள்ளைக்காரர் ஏலத்தில் பூங்கொடியை விலை கொடுத்து வாங்குவது மணிமாறன்தான். காப்பாற்றத்தான் வாங்குகிறான், சரி. பெரியவர் கதையை நிறுத்திய இடம் அதற்கு முன்னால். நானும் அங்கேயே நிறுத்தியிருந்தேன்.