குடலில் விளையும் மருந்தெதிர்ப்பு

நீர்க்கடுப்போடு வருபவருக்கு மருந்து எழுதும்போது சிறுநீர்ப்பையை மட்டுமே கருதுகிறோம். அந்த மருந்து குடலில் என்ன செய்யும் என்பதையும் அதே வேளையில் எண்ணியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை. அது நோயாளியின் குடலிலேயே குடியிருந்து சிறுநீர்த்தாரை வழியே மேலேறுகிறது. சிறுநீர்ப்பையில் அதன் வாசம் பெரும்பாலும் சில நாட்கள். குடலிலோ மாதங்கள், ஆண்டுகள். அந்த நெரிசலில்தான் பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையங்கள் வழியாக எதிர்ப்பு மரபணுக்கள் கைமாறுகின்றன.

2008இல் ஸ்வீடனில் நடந்ததைப் பாருங்கள். புதுதில்லியில் மருத்துவமனைச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், கடைசிக் கட்டத்துக்கென ஒதுக்கிவைக்கும் கார்பாபெனெம் மருந்துகளுக்கும் மசியாத கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா கிடைத்தது. புதுதில்லியின் பெயரைத் தாங்கிய என்டிஎம்-1 என்னும் எதிர்ப்பு மரபணு முதலில் விவரிக்கப்பட்டது அதில்தான். அதே மரபணு அவருடைய மலத்திலிருந்த ஈ.கோலையிலும் இருந்தது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு வந்த ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என அத்தகைய பாக்டீரியாக்களைக் காட்டியது. பெயரில் தில்லி இருக்கலாமா என்று நாடே கொதித்தது. சிறுநீரிலும் மலத்திலும் ஒரே மரபணு என்ற செய்தி அந்தச் சூட்டில் மறைந்துபோனது; எனக்கு அதுவே பெரிய இழப்பாகத் தெரிகிறது.

குடலை எண்ணி மருந்தைத் தேர்வதற்கு ஆய்வகமும் வழிகாட்டும். நோயாளியின் ஈ.கோலையைப் பூசி, மருந்து வில்லைகள் இட்ட முல்லர்–ஹின்டன் தட்டை 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைத்து எடுத்தால், பல வேளைகளில் சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையின் விளிம்புவரை மங்கலான படலம் படர்ந்திருக்கும். பக்கத்திலேயே நைட்ரோஃபுரான்டோயின் வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம். 1953 முதல் புழக்கத்திலுள்ள மருந்து அது! பாக்டீரியாவின் நொதிகளே அதை வினைபுரியும் பொருளாக மாற்ற, அது ஒரே நேரத்தில் பல இலக்குகளைத் தாக்குகிறது. சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் செறிவதால் பெருங்குடலைப் பெரிதாகக் கலைப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்சசினோ குடலின் ஈ.கோலையையும் சலித்து, எதிர்ப்புள்ளவற்றை மட்டும் விட்டுவைக்கிறது.

குறைவாகப் பயன்பட்டதால்தான் நைட்ரோஃபுரான்டோயின் பிழைத்தது என்று மறுக்கலாம். ஆனால் அதையே முதல் மருந்தாக எழுதும் நெதர்லாந்திலும் ஈ.கோலையின் எதிர்ப்பு குறைவாகவே நிற்கிறது. நைட்ரோஃபுரான்டோயினுக்கும் எல்லை உண்டு: சிறுநீரகத்துக்கே பரவிய தொற்றுக்கு உதவாது, சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவருக்கு ஆகாது, புரோட்டியஸ் என்னும் பாக்டீரியாவிடம் எடுபடாது.

எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் யூரின் கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது என்பதற்காகவே மருந்து கொடுப்பதும் குடலுக்குச் செய்யும் தீங்கே. கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பாதை அறுவைக்குச் செல்வோர் போன்ற சிலருக்கு மட்டுமே அது தேவை.

மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களுக்கும் கார்பாபெனெம்களுக்கும் 2014 மார்ச் 1 முதல் இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணை மருந்துக்கடையில் கடிவாளம் போட்டது. மருத்துவர் கையிலுள்ள ஆய்வக அறிக்கைக்கு அப்படி ஒன்று இல்லை. எளிய தொற்றில் நைட்ரோஃபுரான்டோயினும் ஃபாஸ்ஃபோமைசினும் அறிக்கையின் முதல் வரிகளில் வரட்டும். அவை வேலை செய்யும்போது கார்பாபெனெம் வகையான மெரோபெனெமின் முடிவை அச்சிடாமல், மருத்துவர் கேட்டால் மட்டும் தரட்டும்.