நிலையமும் நிறுத்துமிடமும்: கால்கரி மாநகரின் ஆண்டர்சன் இரயில் நிலையம், 1981–2011

ஆய்வுச்சுருக்கம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள கால்கரி மாநகரில் 1981ஆம் ஆண்டு இலகு இரயில் ஓடத் தொடங்கியது. அதன் தென்முனையாக இருந்தது ஆண்டர்சன் நிலையம். பயணிகள் தம் கார்களை நிறுத்திவிட்டு இரயிலேறுவதற்கென அங்கு ஒதுக்கப்பட்ட நிலத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அந்நிறுத்துமிடத்தைப் பயணிகளுக்கான வசதியாக மட்டும் கருதுதல் போதாது. நகர்மையத்தில் எடுக்கப்பட்ட ஒரு கொள்கை முடிவின் மறுபாதியாகவே அதனைக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இலகு இரயில், புறநகர், வாகன நிறுத்துமிடம், நிலப் பயன்பாடு, கால்கரி

முன்னுரை

நகரப் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தண்டவாளத்தையும் வண்டியையும் பற்றியே எழுதுகின்றனர். நிலையத்திற்கு வெளியே தார் பூசிய வெற்றுநிலமாகக் கிடக்கும் நிறுத்துமிடம் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. அங்குக் கட்டடம் இல்லை, கல்வெட்டும் இல்லை, திறப்பு விழாப் படங்களிலும் அது பின்னணியாகவே நிற்கிறது. ஆயினும் வட அமெரிக்கப் புறநகர் நிலையங்கள் பலவற்றில் நடைமேடையைவிடப் பன்மடங்கு பரப்புடையது அந்நிலமே. ‘பார்க் அண்ட் ரைடு’ என்று வழங்கும் இவ்வேற்பாட்டில் யாருக்கு எவ்வளவு பொதுநிலம், என்ன விலையில் கிடைத்தது என்னும் வினாவை ஆண்டர்சன் நிலையத்தைக் கொண்டு இங்கு அணுகலாம்.

சாலை வேண்டாம் என்ற நகரம்

1971இல் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்த கால்கரியின் மக்கள்தொகை 1981இல் 6 இலட்சத்தை நெருங்கியது. எண்ணெய்த் தொழிலின் வளர்ச்சியே இதற்கு முதற்காரணம். எண்ணெய் நிறுவனங்களின் அலுவலகங்கள் நகர்மையத்தில் குவிந்தன; குடியிருப்புகளோ தெற்கிலும் வடமேற்கிலும் புல்வெளிகளை நோக்கிப் பரந்தன. காலையில் எல்லோரும் ஓரிடத்திற்குச் செல்வதும் மாலையில் எல்லோரும் அங்கிருந்து கலைவதுமான நகரம் உருவாயிற்று.

1960களில் வரையப்பட்ட போக்குவரத்துத் திட்டங்கள் இதற்குத் தீர்வாக நகர்மையத்தை ஊடறுக்கும் விரைவுச்சாலைகளை முன்வைத்தன. சீனர் குடியிருப்பும் பழைய கிழக்குப் பகுதிகளும் அவற்றால் சிதையும் என்ற எதிர்ப்பு வலுத்தமையால் 1970களின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சாலைகள் அகலாத நகர்மையத்திற்கு மேலும் பல்லாயிரம் பணியாளர் எவ்வாறு வந்து சேர்வர் என்ற சிக்கல் எஞ்சியது. 1977இல் மாநகர மன்றம் இலகு இரயிலைத் தேர்ந்தது.

‘இலகு இரயில்’ என்னும் தொடரே அப்போது புதியது. 1972இல் அமெரிக்க அரசின் நகர்ப்புறப் போக்குவரத்து நிருவாகம் அதனை வழக்கிற்குக் கொண்டுவந்தது. எட்மண்டன் நகரம் 1978 ஏப்ரலிலும், கால்கரி 1981 மே 25ஆம் நாளிலும், சாண்டியாகோ அதே ஆண்டு ஜூலையிலும் தத்தம் தடங்களைத் திறந்தன. மூன்று நகரங்களும் பிராங்க்பர்ட் நகருக்கென உருவாக்கப்பட்ட யு2 வகை வண்டியையே வாங்கின. வண்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆனால் அது நின்ற நிலையத்தின் சுற்றுப்புறம் பிராங்க்பர்ட்டைப் போன்றதன்று. பயணிகள் நடந்து வந்தேறும் நெருக்கமான தெருக்கள் ஆண்டர்சனைச் சுற்றி இருந்ததில்லை.

நகர்மையத்தின் மறுபாதி

தென்தடம் பெரும்பாலும் கனேடிய பசிபிக் இரயில்வேயின் பழைய பாதையை ஒட்டி அமைந்தது. புதிதாக நிலம் கையகப்படுத்தும் செலவு இதனால் குறைந்தது. எனினும் சரக்கு இரயில் பாதையை ஒட்டி மக்கள் குடியிருக்க விரும்புவதில்லை. அதன் இருமருங்கும் கிடங்குகளும் அகன்ற சாலைகளுமே இருந்தன. ஆகவே நிலையங்கள் வீடுகளிலிருந்து விலகியே அமைந்தன. இவ்விலக்கத்தை நிரப்பக் கையாளப்பட்ட வழிகள் இரண்டு: ஒன்று இணைப்புப் பேருந்து, மற்றொன்று கார் நிறுத்துமிடம். ஹெரிடேஜ், சவுத்லேண்ட், ஆண்டர்சன் ஆகிய நிலையங்களில் நிறுத்துமிடங்கள் அமைந்தன. கட்டணம் இல்லை.

இதே காலத்தில் நகர்மையத்தில் நேர்மாறான கொள்கை நடைமுறையில் இருந்தது. அலுவலகக் கட்டடம் எழுப்புவோர் விதிப்படி தேவையான கார் நிறுத்தங்களில் ஒரு பகுதியை மட்டுமே கட்டடத்தினுள் அமைத்தனர். எஞ்சியவற்றுக்கு ஈடாக நகராட்சிக்குப் பணம் செலுத்தினர். நிறுத்தங்களின் எண்ணிக்கை திட்டமிட்டே கட்டுப்படுத்தப்பட்டது. காலப்போக்கில் கால்கரி நகர்மையத்தின் நிறுத்தக் கட்டணம் வட அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த கட்டணங்களுள் ஒன்றாயிற்று. ஏழாம் அவென்யூ தனியார் கார்களுக்கு மூடப்பட்டு, இரயிலுக்கும் பேருந்துக்கும் உரியதாயிற்று. அத்தெருவின் எல்லைக்குள் இரயிற்பயணம் இலவசம்.

இவ்விரு கொள்கைகளையும் தனித்தனியே படிப்பதால்தான் நிறுத்துமிடத்தின் பொருள் மறைந்துவிடுகிறது. நகர்மையத்தில் அனுமதிக்கப்படாத கார்கள் இல்லாமற்போகவில்லை. அவை நகரின் விளிம்பிற்கு இடம்பெயர்ந்தன. நிலத்தின் விலை மிகுந்த இடத்தில் மறுக்கப்பட்ட பரப்பு, விலை குறைந்த இடத்தில் வழங்கப்பட்டது. ஆண்டர்சனின் இலவச நிறுத்துமிடத்தை நகர்மையக் கோபுரங்களுக்கான நிறுத்துமிடம் என்றே சொல்லலாம். அது கோபுரத்தின் அடித்தளத்தில் இல்லாமல் இரயில் தடத்தின் மறுமுனையில் இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

பரப்பின் கணக்கு

ஒரு கார் நிற்பதற்கு, அது உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்து, 25 முதல் 30 சதுர மீட்டர் தேவை. ஆயிரம் கார்களுக்கு இது இரண்டரை முதல் மூன்று ஹெக்டேர் ஆகும். காலைப் பயணத்தில் பெரும்பாலான கார்களில் ஒருவரே வருவதால், அந்நிலம் அளிக்கும் பயணிகள் ஏறக்குறைய 1,100 பேர் அல்லது சற்று மிகுதி. யு2 வண்டி ஒன்று, அமர்ந்தும் நின்றும், ஏறக்குறைய 160 பேரைக் கொள்ளும். மூன்று வண்டிகள் இணைந்த இரயிலில் 480 பேர். ஆயிரம் கார்களின் பயணிகளை ஏற்றிச்செல்ல இரண்டரை இரயில்கள் போதும். ஐந்து நிமிட இடைவெளியில் இரயில் வருவதாகக் கொண்டால், மூன்று ஹெக்டேர் நிலம் கால் மணி நேரத்திற்குள் தன் நாட்பணியை முடித்துவிடுகிறது. பின்பு மாலைவரை அதே கார்கள் அங்கேயே நிற்கும். நண்பகலில் வருவோர்க்கு இடமில்லை. (இது என் எளிய கணக்கீடு; துல்லியமான அளவீடாகக் கொள்ளற்க.)

தடத்தின் பயணிகளுள் பெரும்பாலோர் எப்போதும் பேருந்திலோ நடந்தோ வந்தவர்களே. நடைமேடைக்கு மிக அருகிலுள்ள நிலம் சிறுபான்மையினரின் கார்களுக்கும், பேருந்துப் பயணியின் காத்திருப்பு சாலையோர நிழற்குடைக்கும் ஒதுக்கப்பட்டதைப் புள்ளிவிவர அட்டவணைகள் காட்டுவதில்லை. நிலையத்தின் வரைபடமே காட்டும்.

எனினும் நிறுத்துமிடத்தை வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்குவதும் பிழை. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 20, 25 பாகை இறங்கும் ஊரில், வளைந்து வளைந்து முட்டுச்சந்தில் முடியும் தெருக்களின் வழியே இருபது நிமிடம் நடந்துவரச் சொல்லுதல் எளிதன்று. நடக்க இயலாதவாறு அத்தெருக்களை வரைந்து, வீட்டுமனைகளுக்கு ஒப்புதல் அளித்ததும் அதே மாநகராட்சிதான்.

மூன்று டாலர்

2001இல் தடம் ஃபிஷ் கிரீக்–லக்கோம்ப் வரையிலும், 2004இல் சாமர்செட்–பிரைடில்வுட் வரையிலும் நீண்டது. இருபதாண்டுகள் முனையமாக இருந்த ஆண்டர்சன் இடைநிலையமாயிற்று. புதிய நிலையங்களிலும் நிறுத்துமிடங்கள் அமைந்தன. பழையதும் அப்படியே தொடர்ந்தது. தடம் நீளுந்தோறும் நிறுத்துமிடம் இடம்பெயரவில்லை, பெருகியது. 2004 இறுதியில் மாநகர மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகள் நிலையத்தைச் சுற்றிய 600 மீட்டர் தொலைவை அடர்ந்த குடியிருப்புக்கும் வணிகத்திற்கும் உரிய பகுதியாக வகுத்தன. அப்பகுதியின் நடுவே நகராட்சியே உரிமையாளராக வைத்திருந்தது தார்த்தளம்.

2009இல் நாளொன்றுக்கு 3 டாலர் நிறுத்தக் கட்டணம் விதிக்கப்பட்டது. நகரம் உள்நோக்கி அடர வேண்டும் என்னும் புதிய வளர்ச்சித் திட்டத்தை மாநகர மன்றம் ஏற்றதும் அதே ஆண்டில்தான். மாதம் இருபது வேலைநாள் எனக் கொண்டால் ஒருவர்க்கு 60 டாலர் கூடுதற்செலவு. ஏற்கெனவே பயணச்சீட்டு வாங்குகிறோம், வரியும் செலுத்துகிறோம், காரை வெளியே விட்டு இரயிலேறுவோரைத் தண்டிப்பது ஏன் என்பது எதிர்ப்பாளர் வாதம். 2010 அக்டோபரில் நடந்த மாநகரத் தேர்தலிலும் இது பேசுபொருளாயிற்று. 2011இல் கட்டணம் நீக்கப்பட்டது; அதன்பின் சில இடங்கள் மட்டும் மாதக் கட்டணத்திற்கு முன்பதிவு செய்யப்பட்டன.

இந்நிகழ்வை வாக்குக்குப் பணிந்த அரசியல் என்று கூறி முடித்துவிடுவது எளிது. அவ்வாறு முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் இலவசமாக இருந்த ஒன்று, புறநகரில் வீடு வாங்கியவரின் கணக்கில் வீட்டின் ஒரு பகுதியாகவே சேர்ந்துவிட்டிருந்தது. கட்டணம் அவர்களிடம் கேட்டது நிலத்தின் விலையை. அவர்கள் கண்டதோ வாக்குறுதியின் மீறலை. மற்றொரு புறம், கார் இல்லாதவர்க்கு அந்த 3 டாலர் விவாதத்தில் இடமே இல்லை. மாணவர், முதியோர், புதிதாய்க் குடியேறியோர் ஆகியோர் அந்நிலத்திற்கு எதையும் செலுத்த மறுக்கவில்லை. அவர்களுக்கு அந்நிலம் வழங்கப்படவே இல்லை. முன்பதிவு முறையும் இதனைத் தீர்க்கவில்லை: பணம் உடையவர்க்கு இடம் உறுதியாயிற்று, இல்லாதவர் விடியலில் எழுந்து வர வேண்டியதாயிற்று.

தனியார் தளமும் பொதுத்தளமும்

வடமேற்குத் தடத்தில், 1990இல் திறந்த பிரெண்ட்வுட் நிலையம் ஓர் ஒப்பீட்டிற்கு உதவுகிறது. அங்கு நிலையப்பகுதிக்கான மறுவளர்ச்சித் திட்டம் 2009இல் ஏற்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அருகிலிருந்த வணிக வளாகத்தின் நிலத்தில் வண்ணம் தீட்டிய உயர்மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. முதலில் மாறியது தனியாருடைய தளம். அவ்வுரிமையாளர்க்கு நிலத்தின் விலை தெரியும். தளத்தில் கார் நிறுத்துவோர் அவருடைய வாக்காளர் அல்லர். நகராட்சியின் தளத்திற்கோ விலை ஏட்டில் ஏறியதில்லை. அதில் நிற்கும் ஒவ்வொரு காருக்கும் ஒரு வாக்குண்டு. ஆண்டர்சன் நிலத்திலும் குடியிருப்பும் கடைகளும் அமைக்கும் திட்டத்தை நகராட்சி பின்னர் வரைந்தது. அத்தகைய திட்டங்களில் கட்டடத்தின் உயரத்தைவிடக் கடினமான வினா ஒன்று எப்போதும் காத்திருக்கிறது: இப்போது நிற்கும் கார்களுள் எத்தனைக்கு இடம் மீதி வைப்பது, அதற்கான அடுக்குமாடி நிறுத்தகத்தின் செலவை யார் மேல் ஏற்றுவது?