இறால் மிதித்தவர்கள்

நியூ ஆர்லியன்ஸ் நகரின் நெப்போலியன் அவென்யூவில் 1913-இல் ஓர் இத்தாலியக் குடும்பம் தொடங்கிய உணவகம் பாஸ்கல்ஸ் மனாலே. 1950களில் அங்கே பிறந்த 'பார்பிக்யூ இறால்' இன்று அந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. கரியடுப்பில் சுடும் பண்டம் அல்ல இது. தலையும் ஓடும் கழற்றாத பெரிய இறாலை வெண்ணெய், பூண்டு, வோர்செஸ்டர்ஷைர் சாஸ், தாராளமான மிளகுத்தூள் சேர்த்து வேகவைக்கிறார்கள். சாப்பிட உட்காருபவர் கழுத்தில் துணி கட்டிக்கொள்கிறார். ஓட்டைக் கையால் உரித்து, தட்டில் தேங்கும் கார வெண்ணெயை ரொட்டியால் வழித்துத் தின்பதுதான் முறை.

வீட்டு விருந்துக்கு இதையே எளிதாக்கிவிடலாம். உரித்த இறால், ஒரு வாணலி, ஐந்து நிமிடம் போதும். ஆனால் ருசியின் பெரும்பகுதி தலையில்தான் இருக்கிறது. அதனால், உரித்த தலைகளையும் ஓடுகளையும் எறியாமல் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றை வெண்ணெயோடு சேர்ப்பது நல்லது.

இறாலில் முதலில் கெடுவதும் அந்தத் தலைதான். மெக்சிகோ வளைகுடாவின் வெக்கையில், பனிக்கட்டி கிடைக்காத காலத்தில், பிடித்த இறால் சில மணி நேரம்கூடத் தாங்காது. தலையோடு அதைத் தொலைதூரத்துக்கு அனுப்புவது நடக்காத காரியம். ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லூசியானாவின் சதுப்புக் கரையோரம் இறாலைக் காயவைக்கும் தொழில் பெருகியது. அதை வளர்த்தவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள்.

தண்ணீருக்கு மேல் கம்பங்கள் நட்டு, பரந்த மரமேடைகள் அமைத்தார்கள். உப்புநீரில் அவித்த இறாலை அவற்றின் மேல் பரப்பி, நாள்கணக்கில் வெயிலில் காயவிட்டார்கள். மழை வந்தால் கூட்டிக் குவித்து மூடவேண்டும். சருகாகக் காய்ந்ததும் கால்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, களத்தில் நெற்கதிர் மிதிப்பதுபோலச் சுற்றிச் சுற்றி மிதிப்பார்கள். ஓடு நொறுங்கிப் பிரியும். ஊரார் இதை இறால் நடனம் என்றார்கள். ஆனால் கொளுத்தும் வெயிலில் கால் கடுக்கச் செய்த உழைப்பு அது. காய்ந்த இறால் சீனா வரைக்கும் கப்பலேறியது.

போர்ன் ஏரிக்கரையில் செயின்ட் மாலோ என்ற பிலிப்பினோ மீனவர் குடியிருப்பு இருந்தது. எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் அங்கே போய்ப் பார்த்து, 1883-இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் எழுதிய பிறகே வெளியுலகம் அதை அறிந்தது. 1915-இல் அடித்த சூறாவளியில் அந்தக் குடியிருப்பு அழிந்தது. பரட்டாரியா விரிகுடாவில் இறால் மேடைகளோடு இருந்த மணிலா வில்லேஜை 1965-இல் பெட்சி சூறாவளி கொண்டுபோனது. நியூ ஆர்லியன்ஸ் சமையலின் பெருமையைப் பேசும்போது பிரெஞ்சுக்காரரையும் இத்தாலியரையும் சொல்லி நிறுத்திக்கொள்வது நியாயமல்ல. இந்த மேடைகளில் நின்றவர்களின் பெயரும் அந்த வரிசையில் வரவேண்டும்.

பெட்சி வருவதற்கு முன்பே காலம் மாறத் தொடங்கியிருந்தது. 1910களின் பிற்பகுதியில் வந்த இழுவலை, மோட்டார் படகு, பனிக்கட்டி, பின்னால் வந்த உறைபதனம் எல்லாம் சேர்ந்து பச்சை இறாலை நகரத்துக்குக் கொண்டுவந்தன. மனாலேயின் தட்டில் இறால் தலையோடு வந்தது அதனால்தான்.

லூசியானாக் கடைகளில் இன்றும் காய்ந்த இறால் சிறு பொட்டலங்களில் விற்கிறது. கம்போ குழம்பில் அதைப் போடுகிறார்கள். ஓடு நீக்கும் வேலையை இப்போது சுழலும் உருளைகள் செய்கின்றன.