பத்தாவது ஆள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஐந்தாம் வகுப்பில் பதின்மூன்றாம் வாய்ப்பாடு வராமல் அழுதவன். இன்று சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். எனக்கு ஒரே பெருமை. "எத்தனை பேருக்குச் சாமி வேலை குடுக்கறே?" என்று கேட்டேன்.

"ஒன்பது பேருங்க டீச்சர். ஆர்டர் நெறைய இருக்கு. ஆனா பத்தாவது ஆளைப் போட்டா ஈஎஸ்ஐ கட்டோணும். அதான் ஒன்பதோட நிறுத்திட்டேன்" என்று சிரித்தான்.

அதற்குள் பாயசம் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

1968. நான் நான்காம் வகுப்பு. அப்பா கோவையில் ஒரு மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தார். அந்த வருஷம் அவருக்கு டி.பி. வந்தது. அந்தக் காலத்தில் அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொல்லவே பயப்படுவார்கள். அம்மா, நான், தம்பி மூன்று பேரும் தெருவுக்கு வந்திருக்க வேண்டியவர்கள். வரவில்லை. ஈஎஸ்ஐ டிஸ்பென்சரியில் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். வேலைக்குப் போகாத மாதங்களிலும் அப்பா கையில் ஒரு தொகை வந்தது. முழுச் சம்பளம் இல்லை. ஆனால் அடுப்பு எரிந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கவில்லை. நிற்காததால்தான் பிற்பாடு ஆசிரியர் பயிற்சி முடித்து உங்கள் முன் சாக்பீஸோடு நிற்க முடிந்தது.

இந்த ஏற்பாடு வானத்திலிருந்து விழவில்லை. 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தொழிலாளி இரண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு கட்ட வேண்டும். 1911இல் இங்கிலாந்தும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளி, முதலாளி, அரசு என மூன்று பேரும் வாரா வாரம் சில பென்னிகள் போட்டார்கள். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான். ஒரு வித்தியாசம், இங்கே சீட்டை எடுப்பவர் நோயாளி மட்டும். எடுக்காதவர் நஷ்டப்பட்டவர் அல்ல, அந்த வருஷம் நன்றாக இருந்தவர்.

இந்தியாவில் 1931இல் விட்லி கமிஷன் இதைப் பற்றிப் பேசியது. பேச்சோடு நின்றது. 1943இல் பேராசிரியர் பி.பி. அதார்கரிடம் திட்டம் தயாரிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். 1944இல் அவர் அறிக்கை கொடுத்தார். நெசவாலை, இன்ஜினியரிங், கனிமம் மற்றும் உலோகத் தொழில்களில் உள்ளவர்களுக்கு முதலில் கொடுக்கலாம் என்றார். அதன் அடிப்படையில் சுதந்திரம் கிடைத்த மறு வருஷமே, 1948 ஏப்ரலில், ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. நாட்டில் அரிசிக்கே தட்டுப்பாடு இருந்த காலம் அது. 'இப்போது இதற்கு என்ன அவசரம்' என்று தள்ளிப் போட்டிருக்கலாம். போடவில்லை.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் டெல்லியிலும் தொடங்கியது. இரண்டு ஊரிலும் சேர்த்து 1,20,000 தொழிலாளர்கள். கௌரவ முறையில் முதல் உறுப்பினராக நேருவே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நம் தமிழ்நாட்டுக்கு அது வந்தது 1955இல். முதலில் வந்த ஊர் எது தெரியுமா? நம் கோயம்புத்தூர்தான். மில்கள் நிறைந்த ஊர் அல்லவா! அப்பாவுக்குக் கிடைத்தது இப்படித்தான்.

இனி எங்கள் வீட்டின் அடுத்த கதை. 1986. என் தம்பி ஒரு பட்டறையில் டர்னர். அங்கே பதினான்கு பேர். ஒரு நாள் ராத்திரி வயிற்று வலி. குடல்வால் வெடித்துவிட்டது. ஆபரேஷன், பிறகு சீழ், மறுபடி ஆபரேஷன். மூன்று மாதம் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. அம்மாவின் சங்கிலியும் என் வளையலும் அடகுக்குப் போயின. வளையல் திரும்பியது. சங்கிலி திரும்பவில்லை.

"அப்பாவுக்குக் குடுத்தாங்களே, எனக்கு ஏன் இல்லே?" என்று தம்பி கேட்டான். விசாரித்தபோதுதான் தெரிந்தது. சட்டத்தில் அன்று எழுதியிருந்த எண் இருபது. மின்சாரத்தில் இயங்கும் தொழிற்சாலையில் இருபது பேர் இருந்தால்தான் ஈஎஸ்ஐ. தம்பியின் பட்டறையில் ஆறு பேர் குறைவு. முதலாளி ஏமாற்றவில்லை. எண் ஏமாற்றிவிட்டது.

1989இல் சட்டத்தைத் திருத்தி, மின்சாரம் உள்ள தொழிற்சாலைகளுக்கு இருபதைப் பத்தாக்கினார்கள். மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் அம்மாவின் கழுத்தில் சங்கிலி இருந்திருக்கும். 2010இல் வந்த திருத்தம், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழிற்சாலை என்றால் பத்து என்றது. கடைகள், ஓட்டல்களுக்கும் மாநிலம் மாநிலமாகப் பத்து என்று குறைத்தார்கள். ஆக, என் மாணவன் பயப்படும் அந்தப் பத்து, என் தம்பி போன்றவர்களுக்காக இருபதிலிருந்து இறங்கி வந்த பத்து.

ஒரு கணக்கு யோசியுங்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் மில்லில் ஒருவர் படுத்தால் மில்லுக்குத் தெரியாது. ஒன்பது பேர் பட்டறையில் ஒருவர் படுத்தால் முதலாளிக்கும் வலி, தொழிலாளிக்கும் வலி. சின்ன இடத்துக்குத்தான் இந்தப் பொதுப் பானை அதிகம் தேவை. ஆனால் சின்னச் சின்ன இடங்களில் வசூலிப்பதும் கணக்குப் பார்ப்பதும் சிரமம் என்பதால், சட்டம் பெரிய இடத்தில் தொடங்கிச் சின்ன இடத்துக்குக் கடைசியாக வந்தது.

செலவு எவ்வளவு? 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் முதலாளி கட்டுவது 390 ரூபாய், தொழிலாளி கட்டுவது 90 ரூபாய். இதற்குத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. சந்தா நாட்கள் சரியாக இருந்தால், நோயில் படுத்த நாட்களுக்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். பெண்களுக்குப் பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம். டி.பி. போன்ற நீண்ட நோய்களுக்குத் தனி உதவி.

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டைதான் இருக்கே டீச்சர்" என்பீர்கள். நல்ல திட்டம்தான், எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு. படுத்திருக்கும் நாளில் அரிசி வாங்க அது காசு தராது. அதற்கு வருமான வரம்பும் உண்டு.

ஈஎஸ்ஐயில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வரிசையில் நின்று கால் கடுத்தவள் நான். 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. அதைத் தாண்டிச் சம்பளம் வாங்குபவர் நடப்புச் சந்தா காலம் முடிந்ததும் வெளியே போய்விடுகிறார். இதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும். கூரை ஒழுகுகிறது என்பதற்காக வீட்டை விட்டு வெளியே படுக்க முடியுமா?

இன்னொன்று. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பத்துக்குக் குறைவானவர்கள் உள்ள இடமும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் சம்மதித்தால் சேரலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். ஒன்பது பேரோடும் சேரலாம்! பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதை நேற்று அந்தப் பையனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கல்யாணத்தில் சொல்லாமல் வந்தது என் தப்பு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஆடிட்டரைக் கேட்டுப் பார்க்கறேங்க டீச்சர்" என்றான். கேட்பான் என்று நம்புகிறேன். வாய்ப்பாட்டையும் அவன் தாமதமாகத்தான் கற்றான், ஆனால் கற்றான்.

உங்களில் கடை, பட்டறை, பனியன் கம்பெனி, ஓட்டல் வைத்திருப்பவர்கள் பலர். உங்களை நம்பி இருக்கும் பிள்ளைகளின் சம்பளப் பதிவேட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள், உங்களுக்கு ஈஎஸ்ஐ எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். இந்தப் பதிவைப் படித்துவிட்டு, "சங்கிலியை ஏன்க்கா எழுதினே?" என்று கேட்பான். எழுத வேண்டியதுதான் சாமி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்