பெயர் மட்டும் இரவல்

1966இல் அமெரிக்காவில் 'ஃபெமினின் ஃபாரெவர்' என்ற புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ராபர்ட் வில்சன் என்ற மகளிர் மருத்துவர். மாதவிடாய் நிற்பதை அவர் ஒரு குறைபாட்டு நோய் என்றார். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பெண்ணை என்றும் இளமையாக வைத்திருக்கும் என்றார். சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனைப் 'பிரிமரின்' என்று விற்றுவந்த வையத் நிறுவனம்தான் அந்தப் புத்தகத்துக்குச் செலவழித்தது என்று அவருடைய மகன் 2002இல் சொன்னார்.

அதே 2002 ஜூலையில், அமெரிக்க அரசின் நிதியில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டவர்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன. இடுப்பெலும்பு முறிவு குறைந்திருந்தது. உடல் வெப்பத்தாலும் வியர்வையாலும் வதைபடும் பெண்களுக்கு இந்தச் சிகிச்சை இன்றும் உதவுகிறது. ஆகவே என் கேள்வி மருந்தைப் பற்றியதல்ல. அதைப் பற்றி எழுதியது யார் என்பதே.

பாதிக்கப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். அவ்வழக்குகளின் ஆவணங்கள் 2009இல் பொதுவெளிக்கு வந்தன. 1998 முதல் 2005 வரை மருத்துவ இதழ்களில் வெளியான 26 கட்டுரைகளை உருவாக்கியதில், வையத் பணம் கொடுத்து அமர்த்திய எழுத்தாளர்களுக்குப் பெரும்பங்கு இருந்தது தெரிந்தது. ஒரு கட்டுரையின் முன்வரைவில், ஆசிரியர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பின்னர் முடிவு செய்யப்படும்' என்றிருந்தது. கட்டுரை முதலில், அதற்கொரு பேராசிரியர் பிறகு.

நான் தமிழ் படித்தவள். சங்கப் பாடல்கள் சிலவற்றுக்குப் புலவர் பெயர் கிடைக்காததால், பாட்டில் வரும் தொடரையே பெயராக வைத்தார்கள் என்று வகுப்பில் சொல்லித்தருகிறேன். அங்கே பெயர் தொலைந்தது, எழுத்து நின்றது. இங்கே பெயர் பளிச்சென்று நின்றது. எழுதிய கையும் கூலி கொடுத்த கையும் மறைக்கப்பட்டன. அந்தப் பெயரை நம்பி மருத்துவர் மருந்து எழுதினார். மருத்துவரை நம்பிப் பெண் விழுங்கினாள்.

கட்டுரையாளர்கள் தம் பண உறவுகளைத் தெரிவிக்க வேண்டும் என்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' 1984இலேயே கேட்கத் தொடங்கிவிட்டது. ஆனால் அத்தகைய அறிவிப்பு, எழுதியவரின் வாய்ச்சொல்லை நம்பியே நிற்கிறது. மாணவியரே, எந்த ஆய்வுக் கட்டுரையிலும் 'நிதி உதவி' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அதோடு இதையும் நினைவில் வையுங்கள்: இந்த 26 கட்டுரைகளின் உண்மையை வெளியே கொண்டுவந்தது எந்த இதழின் விதியும் அல்ல. நோயுற்ற பெண்கள் நீதிமன்றப் படியேறியதால்தான் அது வெளியே வந்தது.