பனியாறு தந்த களியும் காடு நகர்த்திய களியும்: ஈரி ஏரிச் சமவெளியின் வன மண்கள்

ஐக்கிய அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் வடமேற்கிலும் இந்தியானா மாநிலத்தின் வடகிழக்கிலும் பரந்து கிடக்கும் சமவெளியின் மண்களை, பனியாறு விட்டுச்சென்ற களிமண் என்று ஒரே தொடரில் அறிமுகப்படுத்துவது வழக்கம். அத்தொடர் பிழையன்று, ஆயினும் அது தாய்ப்பொருளின் வரலாற்றைச் சொல்லிவிட்டு மண்ணின் வரலாற்றை விட்டுவிடுகிறது. பனி உருகி விலகிய பின்னர் பல்லாயிரம் ஆண்டுகள் அந்நிலத்தின் மீது நின்ற இலையுதிர் காடும், அக்காட்டின் சருகு வழியாகக் கீழிறங்கிய மழைநீரும் அந்தக் களியை இருந்த இடத்தில் இருக்கவிடவில்லை. இம்மண்களின் நடத்தையை முடிவுசெய்வது களியின் மொத்த அளவைக் காட்டிலும் அது எந்த ஆழத்தில், எந்தத் துளைகளின் சுவர்களில், எத்தகைய கட்டமைப்போடு அமர்ந்திருக்கிறது என்பதே என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் தாய்ப்பொருள். கடைசிப் பனியூழியில் வட அமெரிக்காவின் பெரும்பகுதியை மூடியிருந்த லாரன்டைடு பனிவிரிப்பு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு தன் தென் எல்லையைத் தொட்டு, பிறகு விட்டுவிட்டுப் பின்வாங்கியது. அது நேராகப் பின்வாங்கவில்லை. சில நூற்றாண்டுகள் விலகுவதும் மீண்டும் முன்னேறுவதுமாக இருந்தது. ஈரி ஏரிப் பள்ளத்தின் வழியே நீண்ட பனிநாக்கு விலகிய இடைவெளிகளில் பனிக்கு முன்னால் ஏரிகள் தேங்கின. அவற்றின் அடியில் நுண்களி படிந்தது. மறுபடி முன்னேறிய பனி அக்களியைச் சுரண்டி, அடிப்பாறைகளான களிப்பாறை, சுண்ணாம்புக்கல், டோலமைட் ஆகியவற்றின் துகள்களோடு பிசைந்து, தன் எடையின் கீழ் அழுத்திப் பரப்பியது. பனி தானே நேரடியாக இட்டுச்செல்லும், நீரால் தரம் பிரிக்கப்படாத இந்தக் கலவைப் படிவைப் புவியியலார் ‘டில்’ என்பர். மணல், வண்டல், களி, கூழாங்கல் என எல்லா அளவுத் துகள்களும் அதில் கலந்திருக்கும். இச்சமவெளியின் டில்லில் களியின் பங்கு கூடுதலாக இருப்பதற்கு, பனி ஏரியடிக் களியை விழுங்கி வந்தது ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் களியின் கனிம வகையும் கவனிக்கத்தக்கது. பழைய களிப்பாறைகளிலிருந்து வந்ததால் இதில் மேலோங்கியிருப்பது இல்லைட் என்னும் கனிமம். இல்லைட்டின் தகடுகளுக்கிடையே பொட்டாசியம் அயனிகள் பூட்டுப்போல் அமர்ந்து தகடுகளைப் பிணைத்திருப்பதால், நீர் பட்டதும் பெருமளவு உப்பும் ஸ்மெக்டைட் களியைப்போல் அது விரிவதில்லை. சத்து அயனிகளைப் பிடித்துவைத்துப் பரிமாறும் திறனிலும் அது நடுத்தரமானது. ஒரு கிலோகிராம் கயோலினைட் சில சென்டிமோல் முதல் ஏறத்தாழ 15 சென்டிமோல் வரையும், ஸ்மெக்டைட் 80 முதல் 120 சென்டிமோல் வரையும் மின்னூட்டத்தைத் தாங்கும்போது, இல்லைட் 20 முதல் 40 வரை தாங்குகிறது. ஆகவே இம்மண்கள் களி மிகுந்தவை என்ற செய்தியிலிருந்து கரிசல் நிலத்தின் குணங்களை எதிர்பார்ப்பது தவறாகும்.

இச்சமவெளியில் பரவலாகக் காணப்படும் மண்வகைகளில் பிளண்ட் என்று பெயரிடப்பட்ட தொடர் இந்த வாதத்துக்குப் பொருத்தமானது. (அமெரிக்க மண் அளவாய்வில், ஒத்த அடுக்கமைப்புடைய மண்களின் தொகுதியை ‘தொடர்’ என்று வகுத்து, பெரும்பாலும் ஓர் ஊரின் அல்லது வட்டாரத்தின் பெயரைச் சூட்டுவர்.) உழவு காணாத காட்டில் இதன் செங்குத்து வெட்டை நோக்கினால், மேலே இலைமக்கு கலந்த கருமையான அடுக்கு சில சென்டிமீட்டர் மட்டுமே இருக்கும், அதற்குக் கீழ் களி குறைந்து வெளுத்த அடுக்கு, அதனடியில் களி திடீரெனக் கூடி, கட்டிகட்டியாக உடையும், பழுப்பும் சாம்பலும் புள்ளியிட்ட அடுக்கு, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளாகவே சுண்ணம் மாறாத, கட்டமைப்பற்ற, இறுகிய டில். இந்தியானாவின் மாநில மண்ணான மயாமி, இதே அமைப்பின் நயமான, நீர் நன்கு வடியும் உறவினன் எனலாம்.

நடுவிலுள்ள களி செறிந்த அடுக்கைப் பற்றித்தான் சர்ச்சை. அது எப்படி உண்டாயிற்று? டில்லிலேயே அப்படி இருந்தது என்பது எளிய விடை. ஆனால் டில்லில் அடுக்கு கிடையாது. மேலே குறைவு, நடுவில் மிகுதி, கீழே குறைவு என்ற ஒழுங்கு ஆயிரக்கணக்கான சதுரக் கிலோமீட்டரில் நில மேற்பரப்பை ஒட்டியே வளைந்து செல்வதைப் பனியின் வேலையாகக் காட்ட இயலாது.

அந்த ஒழுங்கை உண்டாக்கியது சுண்ணத்தில் தொடங்கும் ஒரு வரிசையான நிகழ்வு. கால்சியம் மிகுந்த கரைசலில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்களாக நிற்கும். எனவே கார்பனேட் உள்ளவரை களி நகராது. வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயு மழைநீரில் கரைந்து உண்டாகும் மென்காடி கார்பனேட்டைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது. மேலடுக்கின் கார அமில எண் 7-க்குக் கீழே இறங்கி, கரைசலில் உப்பு குறைந்ததும் திரள்கள் அவிழ்ந்து, குறிப்பாக 0.2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்களி, நீரில் மிதக்கத் தொடங்குகிறது. அமிலம் மேலும் கூடி எண் 4.5-க்கு அருகில் வந்தால், வெளிப்படும் அலுமினியம் களியை மீண்டும் திரளச் செய்துவிடும். ஆகவே களி பயணம் செய்ய ஓர் இடைக்கால வாய்ப்புதான் இருக்கிறது. அந்த வாய்ப்பு நீண்ட காலம் திறந்திருக்கும்படி செய்தது இக்காடு என்பதே இங்கு அதன் பங்கு. சர்க்கரை மேப்பிள் போன்ற மரங்கள் ஆழத்திலிருந்து கால்சியத்தை உறிஞ்சி ஆண்டுதோறும் சருகாக மேலே திருப்பித் தருவதால், மேலடுக்கு ஊசியிலைக் காட்டு மண்களைப்போல் விரைவில் கடும் அமிலமாகிவிடுவதில்லை.

மிதக்கும் களி வெடிப்புகள், வேர் அழிந்த குழாய்கள் ஆகியவற்றின் வழியே இறங்குகிறது. வறண்ட கட்டிகள் நீரை உள்ளிழுக்கும்போது களி சுவரிலேயே வடிகட்டப்பட்டுத் தங்கும். அல்லது கீழே சுண்ணம் மிகுந்த எல்லையை எட்டியதும் திரண்டு நின்றுவிடும். இதற்கான சான்று ஒளிவிடும் களிப்படலங்கள். வால்டர் குபியேனா 1938-இல் நுண்மண்ணியலுக்கு அடித்தளமிட்ட பிறகு, மண்ணைப் பிசினில் உறையவைத்து மெல்லிய சீவலாக்கி முனைவாக்கிய ஒளியில் காணும் முறை வளர்ந்தது. அதில் இடம்பெயர்ந்து படிந்த களி, ஒரே திசையில் அடுக்கடுக்காகப் படிந்த பட்டையாகத் துளைச்சுவர்களில் மின்னும். பனி பிசைந்த களிக்கு அவ்வாறான படலமும் துளையோடு உறவும் இருப்பதில்லை.

எனினும், நடு அடுக்கின் மிகைக்களி முழுவதையும் இடப்பெயர்வின் கணக்கில் எழுதுவதும் நேர்மையாகாது. சுண்ணம் கரைவதே எஞ்சியதைச் செறிவாக்கிவிடும். எடுத்துக்காட்டாக 100 கிராம் டில்லில் 36 கிராம் களியும் 25 கிராம் கார்பனேட்டும் இருப்பதாகக் கொண்டு, அந்தக் கார்பனேட் முழுவதும் மணல், வண்டல் அளவிலேயே இருந்தது என்றும் வைத்துக்கொண்டால், அது கரைந்த பின் எஞ்சும் 75 கிராமில் களியின் பங்கு, ஒரு துகளும் நகராமலேயே, 48 விழுக்காடாகிவிடும். டில்லோடு நடு அடுக்கை ஒப்பிடுவோர் இக்கணக்கைச் செய்யாவிட்டால் இடப்பெயர்வைப் பெரிதுபடுத்திவிடுவர். இன்னொரு பக்கம், பனி விலகியபின் காற்று கொண்டுவந்து தூவிய மெல்லிய வண்டல் போர்வை பல இடங்களில் மேலே படிந்துள்ளது. அங்கே மேலடுக்கில் களி குறைவாயிருப்பது பிறப்பிலேயே வந்த குறைவாகவும் இருக்கலாம். இதனால்தான் கவனமான ஆய்வாளர் களியை நீக்கிவிட்டு மணல், வண்டல் விகிதங்களையும் சிர்க்கான் போன்ற எளிதில் அழியாத கனிமங்களின் அளவையும் அடுக்குக்கு அடுக்கு ஒப்பிட்டு, தாய்ப்பொருள் ஒன்றுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்கின்றனர்.

ஆக, இம்மண்ணின் களிக்கு மரபுரிமை, எஞ்சிய செறிவு, இடப்பெயர்வு என்று மூன்று கணக்குகள் உண்டு. எடையில் மூன்றாவது மிகச் சிறியதாகவும் இருக்கக்கூடும். ஆயினும் அந்தச் சிறுபகுதி நீரும் வேரும் செல்லும் பாதைகளின் சுவர்களிலேயே பூசப்பட்டிருக்கிறது என்பதால், அதன் செல்வாக்கை எடையால் அளக்க முடியாது. வகைப்பாட்டு நூலும் இதை ஏற்கிறது. 1975-இல் வெளிவந்த அமெரிக்க மண் வகைப்பாடு, மேலடுக்கில் 15 முதல் 40 விழுக்காடு வரை களி இருந்தால், அதைப்போல் 1.2 மடங்காவது கீழடுக்கில் இருக்கவேண்டும் என்று எண்ணால் ஒரு வரம்பிட்டதோடு நில்லாமல், களி நகர்ந்ததற்கான தடயத்தையும் கேட்கிறது. அந்த அடுக்கும் 35 விழுக்காட்டுக்குக் குறையாத காரச் செறிவும் (பரிமாறத்தக்க அயனிகளில் கால்சியம் போன்ற கார அயனிகளின் பங்கு) சேர்ந்த மண்கள் ஆல்ஃபிசால் என்னும் பெருவகுப்பில் அடங்கும். பனியாற்றையே காணாத தமிழகத்துச் செம்மண்களில் ஒரு பகுதியும், கருங்கல்லும் நைஸ் பாறையும் சிதைந்து உண்டானவையாயினும், இதே பெருவகுப்பில் இடம்பெறுகின்றன. தாய்ப்பொருளின் பெயரால் மண்ணை அழைப்பது எவ்வளவு குறைவானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நீரின் கதையில் இந்த அமைப்பின் விளைவு வெளிப்படுகிறது. குளிர்காலத்தின் தொடக்கம் முதல் வசந்தம் வரை, மரங்கள் நீரை உறிஞ்சாத மாதங்களில், மழையும் உருகிய பனியும் நடு அடுக்கின் நெருக்கத்திலும் அதனடியில் இறுகிய டில்லிலும் தடைப்பட்டு, நிலத்தடி நீர்மட்டத்துக்குத் தொடர்பின்றி மேலேயே தொங்கி நிற்கின்றன. அந்த டில்லின் பருமன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.7 கிராமுக்கும் மேல் போவது சாதாரணம். அங்கே வேர் நுழைவது அரிது. காற்றில்லாத நிலையில் இரும்பு கரைந்து இடம்பெயர்வதால் கட்டிகளின் முகம் சாம்பல் நிறம் பெறுகிறது. காற்று எட்டும் இடத்தில் அது மீண்டும் ஆக்சிசனேற்றமடைந்து துருநிறப் புள்ளியாகிறது. கோடையில் குழி தோண்டி ஒரு சொட்டு நீரும் காணாதவர்கூட, அப்புள்ளிகளைக் கொண்டு வசந்தத்தில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை மதிப்பிட்டுவிடலாம்.

களியின் அளவை மட்டும் நம்புவோருக்கு ஹாய்ட்வில் தொடர் ஒரு நல்ல மறுப்பு. ஈரி ஏரியில் கலக்கும் மௌமீ ஆற்றின் படுகையில், பழைய பனிமுனை ஏரியின் அலைகள் தேய்த்துச் சமனாக்கிய டில்லின் மீது, எல்ம், ஆஷ், ஓக் மரங்கள் நின்ற சதுப்புக் காட்டின் கீழ் உருவான மண் அது. பெருங்கருஞ்சதுப்பு என்று அழைக்கப்பட்ட அந்நிலம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாய்க்கால்களாலும் சுட்ட மண்குழாய் வடிகால்களாலும் வடிக்கப்பட்டது. ஹாய்ட்வில்லின் மேலடுக்கிலேயே களி ஏறத்தாழ 40 விழுக்காடு; பிளண்ட்டின் மேலடுக்கில் அவ்வளவு இல்லை. களியே தடையென்றால் ஹாய்ட்வில்தான் மோசமான நிலமாயிருக்கவேண்டும். நடப்பில், வடிகால் அமைக்கப்பட்டபின் அது இச்சமவெளியின் வளமான வயல்களுள் ஒன்றாக விளங்குகிறது. ஈரத்தில் மெதுவாக மக்கிய கரிமப்பொருள் மேலே தடிமனாகச் சேர்ந்திருப்பதும், மேலும் கீழும் களி அதிக வேறுபாடின்றி இருப்பதும், கோடையில் வெடித்துக் கட்டிகளாகப் பிரியும் அதன் கட்டமைப்பும் குழாய்வரை நீர் இறங்க வழிவிடுகின்றன.

உழவு பற்றிய ஆய்விலும் இவ்வேறுபாடு முன்கூட்டியே தெரிந்தது. ஒஹாயோவில் டிரிப்லெட், வான் டோரன் என்னும் ஆய்வாளர்கள் உழாச் சாகுபடியைச் சோதிக்க 1962-இல் ஊஸ்டரில் நன்கு வடியும் வண்டல் மண்ணிலும், 1963-இல் ஹாய்ட்வில் களிமண்ணிலும் நீண்டகாலப் பாத்திகளை நிறுவினர். இரண்டும் பனியாற்றுப் படிவின் மீதான வன மண்களே. ஊஸ்டரில் உழாத பாத்திகள் மேலான விளைச்சல் தர, ஹாய்ட்வில்லில் மக்காச்சோளத்தையே மீண்டும் மீண்டும் விதைத்தபோது உழாத பாத்திகள் பின்தங்கின. பயிர்ச்சுழற்சி வைத்தபோது அப்பின்னடைவு குறைந்தது. ‘பனியாற்று மண்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒரே பரிந்துரையை எழுதுவோர் இம்முடிவுகளை மறந்துவிடக்கூடாது.

குழாய்வரை நீர் இறங்க வழிவிடும் வெடிப்புகள், துளைகளின் இன்னொரு முகம் அண்மைக்காலத்தில் வெளிப்பட்டது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் பெருகிய நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்ததால், டொலிடோ நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேர் சில நாள் குழாய்நீரைப் பயன்படுத்த முடியாமற்போயிற்று. அப்பாசிக்கு உணவான பாஸ்பரசில் பெரும்பங்கு மௌமீ ஆற்றுப் படுகை வயல்களிலிருந்து வருகிறது. களி பாஸ்பரசை இறுகப் பற்றும் என்பது பாடநூல் வாக்கியம். ஆனால் பற்றுவதற்கு நீர் களியின் உட்புறத்தைத் தொடவேண்டும். மேலே தூவப்பட்ட உரம் பெருமழையில் கரைந்து, வெடிப்பு வழியாகவும் மண்புழுத் துளை வழியாகவும் நேரே வடிகுழாயை அடையும்போது, கட்டிகளின் உள்ளிருக்கும் களிக்கு அதைப் பிடிக்க நேரமே இல்லை. பனியூழியில் பனி மூடிய நிலங்களில் அதற்குப்பின் உள்ளூர் மண்புழுக்கள் பெரும்பாலும் இருந்ததில்லை. இன்று அங்கே ஆழத் துளையிடும் பெரிய மண்புழு ஐரோப்பியக் குடியேற்றத்துடன் வந்தது. எனவே நீர் செல்லும் பாதைகளில் ஒரு பகுதி காட்டின் காலத்துக்கும் பிந்தியது.

இதனால், இப்படுகையில் பாஸ்பரஸ் இழப்பைக் கணிக்கும் மதிப்பீடுகள் மேலடுக்கின் களி விழுக்காட்டையும் மண்ணாய்வு எண்ணையும் மட்டும் உள்ளீடாகக் கொள்வது போதாது. மேற்பரப்பிலிருந்து குழாய்வரை தொடரும் துளைகளின் அடர்த்தியும், உரம் அத்துளைகளின் வாயில் கிடக்கிறதா, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கட்டிகளோடு கலந்து கிடக்கிறதா என்பதும் அவற்றில் இடம்பெறவேண்டும். உரத்தை மேலே தூவாமல் மண்ணுக்குள் இடும் முறைக்கு இச்சமவெளியில் ஆதரவு பெருகிவருவதற்கு அடிப்படையும் இதுவே.